எலும்பொட்டிப் பாத்தியில் மணிப்பூ

ஜெல்லா ஸ்டால்நேக்கருக்கு இப்போதெல்லாம் ஓர் இலைக்கும் இன்னோர் இலைக்கும் வித்தியாசம் தெரிவதில்லையாம். கீழே ஊரில் முடி வெட்டும் கடையில் யாரோ சொல்ல, அதை ரேவா கட்லிப்பின் நாத்தனார் கேட்டு வந்து ரேவாவிடம் சொல்ல, ரேவா அதை ஒரு தட்டு சோள ரொட்டியோடு மலையேற்றிக் கொண்டுவந்து ஜெல்லாவிடமே சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. லாரல் ஓடைப் பக்கம் அந்த வாய்க்கு நாலு சக்கரமும் உண்டு.

"யாருடி சொன்னது?" என்றாள் ஜெல்லா.

"தெரியலக்கா. தலைய அந்த முடி ஒலத்துற சூட்டு மெஷினுக்குள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாளாம். முகம் தெரியலையாம்."

"உள்ள தலைய விட்டவளுக்குக் காது கேக்காது. வாய மட்டும் வெளிய வெச்சிருந்தாளாக்கும்."

"நீ பாதிரியார் சம்சாரத்தப் பாத்து, செத்துப்போன அவங்க மாமியார் பேரச் சொல்லிக் கூப்பிட்டியாமே."

"மாமியார் தொப்பிய மருமக போட்டுக்கிட்டு வந்தா நான் என்ன பண்ணுவேன்? தொப்பிக்குத்தான் வணக்கம் சொன்னேன்."

ரேவா சிரித்தாள். ஜெல்லாவும் சிரித்தாள். ஆனால் ரேவாவின் வண்டி இறக்கத்தில் மறைந்ததும், ஜெல்லா வாசற்படியோரம் நின்ற ஒரு செடியைக் குனிந்து பார்த்தாள். 'யாரோ' என்கிற மூலிகைதான். ஆயிரம் முறை பறித்த செடி. இருந்தாலும் ஒரு கொத்தைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்த்த பிறகுதான் அவளுக்கு நிம்மதி வந்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் பார்த்தவுடன் கை போகும். இப்போது பார்த்து, தொட்டு, முகர்ந்து, மறுபடி பார்த்து, அப்படியும் ஒரு சந்தேகம் காலில் ஒட்டிய முள்விதைபோல் கூடவே வந்தது.

அந்த வீடு ஜெல்லாவின் அப்பா மரமறுக்கும் ஆலையில் வேலை பார்த்தபோது, ஆலைக்காரன் வேண்டாமென்று ஒதுக்கிய பாப்லர் பலகைகளால் கட்டியது. இரண்டு அறை, தகரக் கூரை, மேலே ஒரு பரண். பின்பக்கம் பாறையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் பிடித்துச் சமையல் தொட்டிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் காடு. நாலாவது பக்கம் மண்பாதை. கல்யாணம் செய்துகொண்டு ஒஹையோவுக்குப் போனாள், டயர் செய்யும் ஊரில் சில வருஷம் இருந்தாள், புருஷன் போன பிறகு திரும்பி வந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கு, "அங்க எல்லாத்துலயும் ரப்பர் வாசன, காப்பிலகூட" என்பாள். மகன் லோவல் அங்கேயே தங்கிவிட்டான்.

வைத்தியம் என்று அவள் பலகை எதுவும் மாட்டவில்லை. வசந்தத்தில் காட்டுப்பூண்டு, அப்புறம் வழுக்கும் எல்ம் மரப்பட்டை, கோடையில் பூக்கள், இலையுதிர் காலம் வந்தால் ஜின்செங் கிழங்கு. கிழங்கைத் தோண்டிய குழியிலேயே அதன் சிவப்புப் பழங்களை நசுக்கிப் புதைத்துவிட்டு வருவாள். பறித்த இலைகளைப் பழைய ஜன்னல் கொசுவலைச் சட்டங்களில் பரப்பிப் பரணில் காயவைப்பாள். ஊரில் யார் வீட்டில் ஜன்னலை மாற்றினாலும் பழைய சட்டம் ஜெல்லாவுக்குத்தான். இருமலுக்கு, சிரங்குக்கு, பல்வலிக்கு, தூக்கம் வராததற்கு என்று ஆட்கள் வருவார்கள். நெஞ்சுவலி என்று வந்தால் மட்டும், "ஆஸ்பத்திரிக்கு போற வழிய மறந்து இங்க வந்துட்டியா?" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

யாரும் அவளுக்கு நன்றி சொல்லமாட்டார்கள். சொல்லவும் கூடாது. மருந்துக்கு நன்றி சொன்னால் மருந்து பிடிக்காது. செடிக்கு நன்றி சொன்னால் செடி பட்டுப்போகும். பையை வாங்கிக்கொண்டு, "சரி, வானம் இருட்டுது, வரேன்" என்று எழுந்து போய்விட வேண்டியதுதான். இரண்டு வாரம் கழித்து முன்வாசலில் ஒரு சுமை விறகு கிடக்கும், அல்லது ஒரு ஜாடி தேன் இருக்கும். யார் வைத்தது என்று ஜெல்லா கேட்கமாட்டாள். கேட்டாலும் வைத்தவன் ஒத்துக்கொள்ளமாட்டான்.

செடி என்றால் இது இன்னும் முற்றும். ஒருவருக்கு ஒரு நல்ல செடி கொடுக்க வேண்டுமென்றால் கையில் கொடுப்பது அரைகுறை மரியாதை. வாங்கியவள் வாய்தவறி நன்றி சொல்லிவிட்டால் என்னாவது? அதனால் அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் போய், அவள் தோட்டத்திலேயே நட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அவளாகக் கண்டுபிடித்து, வந்து கேட்டால், நட்டவள் வானத்தைப் பார்த்துப் பேச்சை மாற்ற வேண்டும். லாரல் ஓடையின் பாதித் தோட்டங்கள் இப்படித் திருட்டுத்தனமாக வளர்ந்தவைதான்.

ஜூன் மாதத்தில் ஒருநாள், காலை வேலைகள் முடிந்து, ஜெல்லா கொல்லைப் பாத்திக்குப் போனாள். அங்கே இருப்பது எலும்பொட்டி. விதைக் கடையில் காம்ஃப்ரி என்பார்கள். அகலமான, சொரசொரவென்ற இலை. சுளுக்கு, முறிவு, மூட்டு வீக்கம் எல்லாவற்றுக்கும் அரைத்துப் பற்றுப் போட்டால் கேட்கும். ஒரு மூலையில் வேலிப் பலகைக்குப் பின்னால் அது காடுபோல் மண்டியிருந்தது. அந்தப் புதருக்கு நடுவிலிருந்து, இடுப்புயரத்துக்கு ஒரு தண்டு நீட்டிக்கொண்டு நின்றது. தண்டு நெடுக ஊதாநிறத்தில் குழல் குழலாகப் பூக்கள். ஒவ்வொரு பூவின் தொண்டைக்குள்ளும் கருஞ்சிவப்புப் புள்ளிகள்.

மணிப்பூ. ஃபாக்ஸ்குளோவ்.

எலும்பொட்டியும்தான் ஊதாவாகப் பூக்கும், குட்டி மணிகளாகத் தலைகுனிந்து பூக்கும். ஜெல்லா முதலில் அப்படித்தான் நினைத்துக்கொள்ள முயன்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். குனிந்து அடியிலைகளைத் தொட்டாள். மெத்தென்று, கன்றுக்குட்டியின் காதுபோல் இருந்தன. பக்கத்து இலை சுரீரென்று உறுத்தியது. இரண்டும் வேறு. கண்ணும் சொன்னது, விரலும் சொன்னது.

அழகுக்கு வேலியோரம் வைக்கிற செடி அது. வாயில் மட்டும் வைக்கக் கூடாது. நெஞ்சுத் துடிப்பைப் பிடித்து நிறுத்திவிடும்.

இது எப்படி இங்கே வந்தது? நான் நட்டேனா? நட்டுவிட்டு மறந்தேனா? போன மாதம் தேநீர்க் கெண்டியை விறகுக் கொட்டகையில் கண்டெடுத்தது அவள் நினைவுக்கு வந்தது. கெண்டியை அங்கே கொண்டுபோனவள், இதையும் செய்திருக்கலாமே. தலையைச் சூட்டு மெஷினுக்குள் விட்டவள் சொன்னது உண்மையாகவே இருந்தால்?

அதற்கடுத்த நினைப்பு வந்தபோது அவள் வேலிப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். இந்தச் செடி முதல் வருஷம் பூக்காது. வெறும் இலையாகத் தரையோடு கிடக்கும். அடுத்த வருஷம்தான் தண்டு விடும். அப்படியானால் போன இலையுதிர் காலத்திலும் இது இங்கே இருந்ததா? முதல் உறைபனி விழுமுன் அறுத்துவிட வேண்டுமென்று, மேகம் மூடிய ஒரு சாயங்காலத்தில், அவள் இந்தப் பாத்தியைத்தான் அடியோடு அறுத்தாள். எலும்பொட்டியின் சுணை கையை அரிக்கும் என்று தோல் கையுறை போட்டிருந்தாள். கையுறைக்குள் இருக்கிற விரலுக்கு மெத்தென்பதும் சொரசொரப்பும் ஒன்றுதான்.

அந்த இலை காய்ந்து, நொறுங்கி, பெரிய கண்ணாடி ஜாடிக்குள் இருந்தது. முந்தின வருஷத்து இலை தீரும்வரை அதை அவள் தொடவில்லை. சமீபத்தில்தான் திறந்தாள். திறந்து முதலும் கடைசியுமாகக் கொடுத்தது ஒரே ஆளுக்கு. ஹார்லன் கோகருக்கு.

ஹார்லன் அண்ணன் அதைப் பற்றுப் போடுகிறவர் அல்ல. குடிக்கிறவர்.

எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். "இது வெளிய போடுறதுண்ணே. உள்ள போனா ஈரலுக்கு ஆகாது."

"எங்கம்மா குடிச்சா. எங்கம்மாவோட அம்மா குடிச்சா."

"அவங்க ரெண்டு பேரும் இப்ப எங்க?"

"செத்துப் போயிட்டாங்க. வயித்துவலியில சாகல." ஹார்லன் இல்லாத பற்களைக் காட்டிச் சிரிப்பார். "வெளிய போட்டா வெளிய ஆறுது, உள்ள போட்டா உள்ள ஆறுது. நீ பையக் குடு."

அவள் கொடுத்துவிடுவாள். சுரங்கத்தில் முதுகொடிந்து, மனைவியை இழந்து, மலைமுதுகுக்கு அந்தப்புறம் தேனீப் பெட்டிகளோடு தனியாக இருக்கிற மனிதர். டாக்டர் வேறு அவருக்கு நெஞ்சுக்கென்று மாத்திரை கொடுத்திருக்கிறார்.

ஜெல்லா உள்ளே போய் ஜாடியை மேசையில் கவிழ்த்தாள். பச்சைச் சருகுத் தூள். இதில் எது எது? இரண்டு கிண்ணங்களில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். எலும்பொட்டி ஊறினால் வழுவழுவென்று கோழை மாதிரி ஆகும். முதல் கிண்ணம் அப்படியே ஆயிற்று. அப்பாடா என்றிருந்தது. இரண்டாவது கிண்ணமும் வழுவழுத்தது, ஆனால் கொஞ்சம் சருகு வழுக்காமல் தனியே மிதந்தது. அது காம்பா, முற்றின இலையா, வேறொன்றா? விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்துத் துப்பினாள். கசந்தது. கசந்ததா? மறுபடி வைத்தாள். இப்போது ஒன்றும் தெரியவில்லை. பயத்தில் நாக்கே கசந்திருக்கலாம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. அதுவும் அவள் பிறந்து வளர்ந்த காட்டில்.

உடனே ஹார்லனைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? "அண்ணே, நான் குடுத்த பொட்டலத்துல விஷம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றா? சொன்னால் நாளைக்கு அது முடி வெட்டும் கடைக்குப் போகும். நாளன்றைக்கு லோவலுக்குப் போகும். லோவல் ஏற்கெனவே போனில், "அம்மா, இப்ப என்ன கலர் சட்ட போட்டிருக்க, சொல்லு பாப்போம்" என்று சோதித்தவன். "பச்சை" என்றாள். அவன் அதை எங்கிருந்து பார்த்தானோ, "சரி" என்று திருப்திப்பட்டுக்கொண்டான். இனி திருப்திப்படமாட்டான். காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவான்.

ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். யாராவது வேறெங்கோ ஒரு வருஷம் வளர்ந்த செடியை இந்த வசந்தத்தில் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டிருந்தால், ஜாடியில் விஷம் இல்லை, பயமும் இல்லை. போன வசந்தத்திலேயே நட்டிருந்தால் இருக்கிறது. யார், எப்போது? இந்த ஓடைப் பக்கம் மணிப்பூ வளர்ப்பவள் ஒருத்திதான். ஜெல்லா ரேவாவுக்குப் போன் செய்தாள். "வா" என்று மட்டும் சொன்னாள்.

ரேவா வந்து சேர்ந்தபோது ஜெல்லா பாத்தியருகே நின்றுகொண்டிருந்தாள்.

"இத நீதானே வெச்ச?"

"எதக்கா?"

"இந்த மணிப்பூவ."

ரேவா தலையை நிமிர்த்தினாள். "மேற்க கறுத்துக்கிட்டு வருது பாத்தியா. சாயங்காலம் ஒரு மழை இருக்கு."

நட்டவள் இப்படித்தான் பேசுவாள். ஆனால் நடாதவளும், வேறு யாரோ நட்டது கெட்டுப்போகக் கூடாதே என்று இப்படித்தான் பேசுவாள். இருவருக்கும் ஒரே வானம்தான்.

"ரேவா, விளையாடாத. நிஜமாக் கேக்குறேன்."

"நிஜமாத்தான்க்கா சொல்றேன். எனக்கென்ன தெரியும்? அழகா வந்திருக்கு. எந்த மகராசி வெச்சாளோ."

"நான் வெச்சு மறந்துட்டேனோ?"

"அதெல்லாம் நீ மறக்க மாட்ட." ரேவா ஒரு கணம் தடுமாறினாள். "மறந்தாலும் என்ன, வயசுக்கு ஆகுறதுதானே."

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று ஜெல்லாவுக்குப் புரியவில்லை. ஆறுதலா? அல்லது இவளும் அந்தப் பேச்சை நம்புகிறாளா?

"எப்ப வெச்சன்னு மட்டும் சொல்லிடு. இந்த வருஷமா, போன வருஷமா?"

"அக்கா, ஒரு நல்ல செடிய ஏன் நீயே வாய் வெச்சுக் கொல்லப் பாக்குற? போன கோடையில என் வேலியோரம் சிவப்பா தேனீப்பூ மொளச்சு நின்னுச்சே, நான் வந்து உன்னக் கேட்டனா?"

"அத நான் எங்க வெச்சேன்?" என்றாள் ஜெல்லா. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு இயல்பாக வாயில் வந்தது என்று அவளுக்கே உறைத்தது. வைத்தது அவள்தான். முழங்காலிட்டு வைத்தது, ரேவாவின் நாய்க்கு ரொட்டி போட்டு வாயடைத்தது எல்லாம் நினைவிருக்கிறது. பொய் என்று தோன்றவேயில்லை.

ரேவா பேச்சை மாற்றினாள். "அது கெடக்கட்டும். ஹார்லன் அண்ணனப் பாத்தியா இந்தப் பக்கம்? ஞாயித்துக்கெழம சர்ச்சு சாப்பாட்டுல ஆளே சரியில்ல. கோழிக்கறிய அப்படியே தள்ளி வெச்சுட்டாரு. வயித்தப் பொரட்டுதுன்னாரு. பாட்டு நடக்கையில என் காதுல, 'விளக்கச் சுத்தி மஞ்சளா வளையம் தெரியுது, உனக்குத் தெரியுதா'ன்னு கேட்டாரு. நான், 'அது பரிசுத்த ஆவியா இருக்கும், உத்துப் பாருங்க'ன்னேன்."

தான் சொன்ன நகைச்சுவைக்கு ரேவா சிரித்தாள். ஜெல்லா சிரிக்கவில்லை. வயிற்றுப் பிரட்டல், மஞ்சள் வளையம்; மணிப்பூ உள்ளே போனால் இப்படித்தான் ஆகும். அவள் கை எலும்பொட்டி இலைகளுக்குள் தடவித் தடவி வேலிப் பலகையைத் தேடியது.

"ரேவா. போன வருஷம் இந்தப் பாத்திய அறுத்து வெச்ச இலையத்தான் அவருக்குக் குடுத்தேன். அவர் குடிக்கிறவர்."

ரேவா புரியாமல் பார்த்தாள். பார்வை ஜெல்லாவின் முகத்திலிருந்து தண்டுக்குப் போயிற்று, தண்டிலிருந்து மெல்லக் கீழே இறங்கி அடியிலைகளுக்குப் போயிற்று. வானத்தைப் பார்க்கத்தான் அப்போதும் அவள் தலை பாதி நிமிர்ந்தது. பாதியில் நின்றது.

"போன வருஷம் ஏப்ரல்," என்றாள். "என் முட்டிக்குப் பத்துப் போட்டியே, அந்த வீக்கம் எறங்கினப்புறம். நீ ஓட்டுப் போடப் போயிருந்த அன்னிக்கு. அது... குட்டிச் செடியாத்தான்க்கா இருந்துச்சு, விரல் நீளம். வெயில் படாதுன்னு உன் பெரிய இலைங்களுக்கு நடுவுல வெச்சேன். நிழலா இருக்கட்டும்னு."

ஜெல்லாவுக்கு இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நேர்ந்தன. நான் நடவில்லை, நான் மறக்கவில்லை என்று உடம்பெல்லாம் லேசாயிற்று. அந்த லேசான உடம்போடேயே, அப்படியானால் ஜாடியில் இருப்பது விஷம்தான் என்று உறைத்தது. சந்தோஷப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. எதற்காக வெட்கம், எதற்காகப் பயம் என்று பிரித்துப் பார்க்கவும் முடியவில்லை.

"நான்தான் அறுத்தேன்," என்றாள். "கையுறையக் கழட்டியிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"நான்தானேக்கா வெச்சேன்."

"இப்ப அதுக்கு நேரமில்ல. நீ வண்டிய எடு. போற வழியில தீயணைப்புக் கொட்டகையில நிறுத்தி, அங்க நிக்கிற ஆம்புலன்ஸ அவர் வீட்டுக்கு வரச் சொல்லு. மணிப்பூன்னு சொல்லு. நெஞ்சுன்னு சொல்லு. அந்தப் பொட்டலத்த அவர்கிட்டருந்து வாங்கிடு. நான் இங்கருந்து அவரக் கூப்பிடுறேன். யார் குடுத்ததுன்னு கேட்டா..."

"என்ன சொல்ல?"

ஜெல்லா அவளை வண்டிப் பக்கம் தள்ளினாள். "ஜெல்லா குடுத்ததுன்னு சொல்லு. வேற என்னத்தச் சொல்லுவ?"

வண்டி மண்பாதையில் புழுதி கிளப்பிப் போயிற்று. மலைமுதுகைச் சுற்றிக்கொண்டுதான் அந்தப்புறம் போக வேண்டும். ஜெல்லா சமையலறைச் சுவரில் தொங்கிய போனை எடுத்து ஹார்லனின் எண்ணை அழுத்தினாள்.

மணி போயிற்று. ஹார்லன் வீட்டில் பதில் சொல்லும் பெட்டியெல்லாம் கிடையாது. எடுக்கிறவரை அடித்துக்கொண்டே இருக்கும். தேனீப் பெட்டிகளிடம் இருப்பார். அப்படியானால் கேட்காது. வாசலில் இருப்பார். அப்படியானாலும் பாதிதான் கேட்கும், இடது காது சுரங்கத்திலேயே போய்விட்டது. கட்டிலில் இருப்பாரோ? பகலில் அவர் படுக்கமாட்டார். போன வாரம்வரை படுத்ததில்லை.

மேசையில் இரண்டு கிண்ணங்களும் ஆறிப்போயிருந்தன. இங்கிருந்து பார்த்தபோது இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன.

மணி போய்க்கொண்டிருந்தது. திடீரென்று, சரியான எண்ணைத்தான் அழுத்தினோமா என்று அவளுக்குத் தோன்றிற்று. இது ஹார்லன் வீட்டு மணிதானா? ஆளில்லாத வேறு யார் வீட்டிலாவது அடித்துக்கொண்டிருக்கிறதா? அவள் போனை வைத்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி, விரலை அந்தந்தப் பொத்தானில் வைத்து, பார்த்து, பிறகு அழுத்தினாள்.

அதே மணி. அதே இடைவெளி.

"எடுங்கண்ணே," என்றாள் ஜெல்லா, கேட்காத அந்தக் காதுக்கு. "எடுத்துத் திட்டுங்க."

மணி போய்க்கொண்டிருந்தது.